தோழி மாறினார்... கேமரா மாறவில்லை! கோகுல்ராஜ் கொலை வழக்கில் சாட்சியத்தை கோர்ட்டு எடை போட்டது எப்படி?

நாமக்கல்:

"அந்தப் பொண்ணே மாத்திச் சொல்லிருச்சு. இனி கேசு எங்கப்பா நிக்கும்?"

2018-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சேலம், நாமக்கல் மாவட்ட டீக்கடைகளில் இதுதான் பேச்சு. ஓமலூர் என்ஜினீயர் கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கிய சாட்சியான அவருடைய தோழி, கோர்ட்டு கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்கிற பாணியில் பல்டி அடித்த நேரம் அது. கேசு முடிந்தது என்று முக்கால்வாசிப் பேர் முடிவே கட்டிவிட்டனர்.

ஆனால் கேசு முடியவில்லை. 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் என்று மதுரை கோர்ட்டு தீர்ப்பு கூறியது. 2023 ஜூன் 2-ந் தேதி சென்னை ஐகோர்ட்டும் முக்கிய குற்றவாளிகளுக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

பிரதான சாட்சி கைவிட்ட பிறகும் ஒரு கொலை கேசு எப்படி நின்றது? கொலை வழக்கை விடாமல் பின்தொடரும் நம் பகுதி வாசகர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது. அதற்கான விடைதான் இந்த அலசல்.

நடந்தது என்ன?

சேலம் மாவட்டம் ஓமலூரை சேர்ந்தவர் கோகுல்ராஜ். பட்டியல் இனத்தை சேர்ந்த இவர், திருச்செங்கோடு பக்கம் உள்ள தனியார் கல்லூரியில் என்ஜினீயரிங் முடித்தவர். 2015 ஜூன் 23-ந் தேதி வீட்டை விட்டு கிளம்பினார். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோவிலில், தன்னுடன் படித்த தோழியை சந்தித்துப் பேசினார். தோழி கொங்கு வேளாளர் சமூகத்தை சேர்ந்தவர்.

அங்கே ஒரு கும்பல் வந்தது. தோழியை தனியாகப் பிரித்து விட்டு, கோகுல்ராஜை காரில் ஏற்றிக்கொண்டு போனது. இது அரசுத்தரப்பு வழக்கு.

மறுநாள் பள்ளிபாளையம் அருகே கிழக்கு தொட்டிபாளையம் ரெயில் தண்டவாளத்தில், தலை வேறு உடல் வேறாக கோகுல்ராஜ் பிணமாகக் கிடந்தார். தற்கொலைக் கடிதம் ஒன்றும் கிடைத்தது. அவரே பேசுவது போன்ற செல்போன் வீடியோவும் வெளியானது.

இந்த வழக்கில் தீரன் சின்னமலை கவுண்டர் பேரவை தலைவர் யுவராஜ் முதல் குற்றவாளியாக சேர்க்கப்பட்டார். தலைமறைவான அவர் வாட்ஸ்அப்பில் ஆடியோ மேல் ஆடியோவாக வெளியிட்டார், டி.வி.க்கு பேட்டியும் கொடுத்தார். வழக்கை விசாரித்து வந்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா 2015 செப்டம்பர் 18-ந் தேதி தற்கொலை செய்துகொண்டது தமிழகத்தையே உலுக்கியது. பிறகு வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசாருக்கு மாறியது. அக்டோபர் 11-ந் தேதி நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்தில் யுவராஜ் சரண் அடைந்தார்.

மொத்தம் 17 பேர் மீது குற்றச்சாட்டு. அதில் ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் தலைமறைவு. மீதி 15 பேர் மீது விசாரணை நடந்தது.

தண்டவாளம் என்ற தந்திரம்

நம் பகுதியில் ஜோலார்பேட்டை முதல் ஈரோடு வரை நீளமாக ரெயில் பாதை ஓடுகிறது. தண்டவாளத்தில் பிணம் கிடந்தால் முதலில் விழும் வார்த்தை "தற்கொலை" அல்லது "அடிபட்டு சாவு". பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அந்தப் பழக்கமே கொலைகாரனுக்கு சவுகரியம்.

தண்டவாள சாவை எடை போட சில கேள்விகள் உண்டு. ரெயில் மோதியதாக டிரைவர் தகவல் கொடுத்தாரா? அந்த நேரத்தில் அந்தப் பாதையில் போன ரெயில்கள் எவை? உயிரோடு இருந்தவர் அங்கே அடிபட்டிருந்தால் சிந்த வேண்டிய ரத்தம் அங்கே இருக்கிறதா? காயங்கள் உயிர் இருக்கும்போது ஏற்பட்டதா, செத்த பிறகா? வெட்டா, நசுங்கலா? இதையெல்லாம் சொல்ல வேண்டியது சம்பவ இடத்துக்கு முதலில் போகும் போலீசும், போஸ்ட்மார்ட்டம் டாக்டரும்தான்.

முதல் நாள் போலீஸ் "தற்கொலைப்பா" என்று அசட்டையாக இருந்துவிட்டால், மழை ஒன்று பெய்தால் போதும். பாதி சாட்சியம் அடித்துக்கொண்டு போய்விடும். கோகுல்ராஜ் வழக்கில் கடிதம், வீடியோ என்று தற்கொலைக்கு ஜோடனை பலமாகவே இருந்தது. உறவினர்கள் விடாமல் கேள்வி கேட்டதால்தான் அது கொலை வழக்காக நின்றது.

கடிதத்தையும் சும்மா படித்தால் போதாது. கையெழுத்து அவருடையதாகவே இருக்கலாம். அதனால் அது தானாக மனதோடு எழுதியது ஆகிவிடுமா? எழுதும்போது யார் கூட இருந்தார்கள், அவர் யார் பிடியில் இருந்தார் என்பதுதான் கேள்வி. வீடியோவுக்கும் அதே கதைதான். மிரட்டி எழுத வைத்து, மிரட்டி பேச வைத்தது என்பது அரசுத்தரப்பு வாதம். கோர்ட்டும் தற்கொலை கதையை ஏற்கவில்லை.

"164-ல் சொன்னாரே, அது போதாதா?"

தோழி பல்டி அடித்ததும் வந்த அடுத்த கேள்வி இது. மாஜிஸ்திரேட்டு முன்பு முதலிலேயே வாக்குமூலம் கொடுத்திருக்கிறாரே, அதை வைத்து தண்டிக்கக்கூடாதா?

கூடாது. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

போலீசிடம் சொல்வது 161 வாக்குமூலம். அதில் சாட்சியின் கையெழுத்தே வாங்கக்கூடாது. கோர்ட்டில் மாற்றிச் சொன்னால் "அன்னைக்கு இப்படி சொன்னீங்களே" என்று மடக்க மட்டுமே அது பயன்படும்.

மாஜிஸ்திரேட்டு முன்பு சொல்வது 164 வாக்குமூலம். இதற்கு கனம் ஜாஸ்தி. சத்தியம் செய்து சொல்வது, கையெழுத்து உண்டு. ஆனாலும் அதுவே தனியாக நிற்கும் சாட்சியம் ஆகாது. ஏனென்றால் அந்த நேரத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கே இல்லை. குறுக்கு விசாரணை நடக்கவில்லை. கோர்ட்டு கூண்டில் ஏறி சொல்வதை உறுதிப்படுத்தவோ, முரண்பாட்டை காட்டவோ மட்டும்தான் 164 உதவும்.

2024 ஜூலை 1-ந் தேதி புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகு பிரிவு எண்கள் மாறிவிட்டன. 161 இப்போது 180. 164 இப்போது 183. எண்தான் புதுசு, தத்துவம் பழசுதான்.

அதற்காக பிறழ்சாட்சி சொன்னது மொத்தமும் குப்பைத்தொட்டிக்கு போய்விடாது. அவர் சொன்னதில் நம்பக்கூடிய பகுதி இருந்தால், மற்ற சாட்சியங்களோடு அது பொருந்தினால், அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பதரைத் தூற்றிவிட்டு நெல்லை எடுப்பது மாதிரி.

நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு...

விசாரணை நாமக்கல் மாவட்ட கோர்ட்டில் 2018 ஆகஸ்டு கடைசியில் தொடங்கியது. அடுத்த மாதமே தோழி பிறழ்சாட்சி ஆனார். வேறு சில சாட்சிகளும் மாறினார்கள்.

நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் உள்ள வழக்கு இது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர், தெரிந்தவர், சொந்தக்காரர் நிற்கும் கோர்ட்டு வளாகத்தில், ஒரு பெரிய கூட்டத்தின் கண் முன்னால் நடந்து போய் சாட்சி சொல்வது சாதாரண விஷயம் இல்லை. சாட்சி சொல்லிவிட்டு அதே பஸ்சில் ஏறி அதே ஊருக்குத்தான் போக வேண்டும். வெளியில் இருந்து "ஏன் பயப்படுறாங்க" என்று கேட்பது சுலபம்.

கோகுல்ராஜின் தாயார் ஐகோர்ட்டுக்கு போனார். நியாயமான விசாரணை வேண்டும் என்று கேட்டார். 2019-ல் வழக்கு மதுரையில் உள்ள வன்கொடுமை தடுப்பு சிறப்பு கோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. மூத்த வக்கீல் ப.பா.மோகன் சிறப்பு அரசு வக்கீலாக ஆஜரானார்.

ஒரு தாய் தன் மகன் கேசுக்காக மேற்கு மாவட்டத்தில் இருந்து தென் மாவட்டத்துக்கு வாய்தா வாய்தாவாக நடந்தார். இந்த இடமாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் வழக்கு எந்தப் பக்கம் போயிருக்கும் என்பது இன்றும் வக்கீல்கள் மத்தியில் பேசப்படும் விஷயம்.

கண்ணால் பார்த்தவர் இல்லை... சங்கிலிதான்

இந்த வழக்கின் முக்கிய முடிச்சு இதுதான். கொலையை நேரில் பார்த்த சாட்சி யாரும் கோர்ட்டுக்கு வரவில்லை. தோழியே மாறாமல் சொல்லியிருந்தாலும், அவர் சொல்லக்கூடியது கடத்தலைப் பற்றித்தான். தண்டவாளத்தில் நடந்ததை அவர் பார்க்கவில்லை. அதனால் "அவர் மாறியதால் கேசே போச்சு" என்ற பேச்சு முதலிலேயே பாதி தப்பு.

நேரில் பார்த்தவர் இல்லாத வழக்கை சந்தர்ப்ப சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும். அதற்கு சுப்ரீம் கோர்ட்டு 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் 5 விதிகளை வகுத்தது. இன்றுவரை எல்லா கொலை வழக்குகளிலும் வக்கீல்கள் வாசிப்பது அதைத்தான். சாதாரண தமிழில் சொன்னால்:

1. ஒவ்வொரு சம்பவமும் முழுசாக நிரூபிக்கப்பட வேண்டும். "இருக்கலாம்" போதாது.

2. எல்லாம் சேர்ந்து குற்றவாளியைத்தான் காட்ட வேண்டும்.

3. சம்பவங்கள் உறுதியான தன்மை கொண்டதாக இருக்க வேண்டும்.

4. வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக்கூடாது.

5. சங்கிலியில் ஒரு வளையம் கூட அறுந்திருக்கக்கூடாது.

இப்போது கோகுல்ராஜ் வழக்கை இதில் வைத்துப் பாருங்கள். கோகுல்ராஜ் கோவிலில் இருந்தார். அதே நேரம் கும்பலும் அங்கே இருந்தது. அங்கிருந்து அவர்கள் பிடிக்கு போனார். அதன் பிறகு யாரும் அவரை தனியாகவோ, சுதந்திரமாகவோ பார்க்கவில்லை. மறுநாளே பிணம். இடைவெளி ஒரு நாள் கூட முழுசாக இல்லை. கொலைக்கான காரணம் சாதி.

"கடைசியாக சேர்ந்து பார்க்கப்பட்டது" என்று கோர்ட்டில் இதைச் சொல்வார்கள். உயிரோடு உங்கள் கையில் இருந்த ஆள் சில மணி நேரத்தில் பிணமாகக் கிடக்கிறார் என்றால், எங்கே விட்டீர்கள், எப்போது விட்டீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த விஷயம் உங்களுக்கு மட்டுமே தெரியும். இடைவெளி நாள் கணக்கில் போனால் இந்த வாதம் நொண்டும். மணிக்கணக்கில் இருந்தால் இறுகும்.

ஒன்றை மறக்கக்கூடாது. ஆள் அவர்கள் கையில் இருந்தார் என்பதை முதலில் அரசுத்தரப்பு நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எதிரி விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம். அந்த முதல் வளையத்தைத்தான் தோழி தூக்கியிருக்க வேண்டும். அவர் கையை விட்டதும் அதைத் தூக்கியது கோவில் கண்காணிப்பு கேமரா.

கேமராவும் சும்மா வந்து நிற்க முடியாது

"அதான் சி.சி.டி.வி.யில தெரியுதே" என்று நாம் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கோர்ட்டில் அது அத்தனை லேசு இல்லை.

கேமரா பதிவை பென்டிரைவில் ஏற்றி நீதிபதி கையில் கொடுத்தால் செல்லாது. பழைய சாட்சிய சட்டத்தில் 65பி என்ற பிரிவு இருந்தது. எந்தக் கருவியில் பதிவானது, அது ஒழுங்காக வேலை செய்ததா, யார் பொறுப்பில் இருந்தது, எப்படி நகல் எடுத்தார்கள் என்று சான்றிதழ் வேண்டும்.

2014-ல் அன்வர் வழக்கில் இது கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. நடுவில் குழப்பம். 2020 ஜூலை 14-ந் தேதி அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் 3 நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது. ஒரிஜினல் கருவியையே கொண்டுவந்து, அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. நகல் என்றால் சான்றிதழ் கட்டாயம்.

கோகுல்ராஜ் வழக்கிலும் எதிர்த்தரப்பு வக்கீல்கள் கேமரா பதிவைத்தான் குறி வைத்தார்கள். ஏற்கக்கூடாது என்று கடுமையாக வாதாடினார்கள். அது அவர்கள் வேலை. சாட்சி மனுஷனை குறுக்கு விசாரணை செய்வது போலவே, கேமராவையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு யார் தலையை யார் உடம்பில் ஒட்டியும் வீடியோ கொண்டுவரலாம். இந்தக் காலத்தில் அது எத்தனை சுலபம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

புதிய சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 63-வது பிரிவு இதற்கு இன்னும் இறுக்கம் கொடுத்திருக்கிறது. சான்றிதழ் இரண்டு பகுதி. ஒன்று கருவியை வைத்திருந்தவர், இன்னொன்று நிபுணர் தர வேண்டும். பதிவின் "ஹாஷ்" எண்ணையும் குறிக்க வேண்டும். பதிவில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். சீல் வைத்த மூட்டை மாதிரி.

வாட்ஸ்அப் ஆடியோ விஷயமும் இதே கணக்குதான். "அவரே பேசுறாரே, இன்னும் என்ன வேணும்" என்று அன்று பலர் கேட்டார்கள். பேசியது யார் குரல், எந்தப் போனில் பதிவானது, யார் யாருக்கு அனுப்பினார் என்ற கேள்விகள் தாண்டாமல் அது சாட்சியம் ஆகாது. தலைமறைவாக இருந்ததும் அப்படித்தான். ஓடி ஒளிந்தது சந்தேகத்தை கூட்டும். அதுவே கொலையை நிரூபிக்காது. பயத்திலும் ஓடுவார்கள்.

கோவிலுக்கே வந்த நீதிபதிகள்

2022 மார்ச் 5-ந் தேதி மதுரை சிறப்பு கோர்ட்டு நீதிபதி சம்பத்குமார் 10 பேரை குற்றவாளிகள் என்று அறிவித்தார். 5 பேர் விடுதலை. மார்ச் 8-ந் தேதி தண்டனை விவரம் வெளியானது. யுவராஜுக்கு 3 ஆயுள் தண்டனை. சாகும்வரை ஜெயில்.

அப்பீல் ஐகோர்ட்டுக்கு போனது. நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார்கள். இங்கேதான் பரபரப்பான திருப்பம்.

அப்பீல் என்றால் பொதுவாக கட்டுக்கட்டாக பேப்பரைப் படித்து முடிவு செய்வார்கள். ஆனால் நீதிபதிகள் தோழியை மறுபடி நேரில் வரவழைத்தார்கள். 2022 நவம்பர் 25-ந் தேதி அவருக்கு கேமரா பதிவை போட்டுக் காட்டினார்கள். அதில் இருப்பது தான் இல்லை என்றார். யோசித்து சொல்லச் சொல்லி அவகாசம் கொடுத்தார்கள். நவம்பர் 30-ந் தேதியும் அதே பதில். உடனே அவர் மீது கோர்ட்டு அவமதிப்பு நடவடிக்கை தொடங்க உத்தரவிட்டார்கள்.

அதோடு விடவில்லை. 2023 ஜனவரி 22-ந் தேதி இரண்டு நீதிபதிகளும் திருச்செங்கோடு மலைக்கோவிலுக்கே நேரில் வந்தார்கள். கேமராக்கள் எங்கே இருக்கின்றன, எந்த வாசல் எந்தப் பதிவில் தெரிகிறது என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார்கள். திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஞாபகம் இருக்கும்.

ஏன் இது முக்கியம்? கேமரா படத்தில் ஒரு ஆள் இடது பக்கம் மறைந்து வேறு கேமராவில் வலது பக்கம் வருவார். அந்த இடத்தைத் தெரியாதவருக்கு அது வெறும் படம். வாசல், படி, மண்டபம் எங்கே என்று தெரிந்தால்தான் யார் எப்போது எந்தப் பக்கம் போனார் என்று கணக்கு ஒத்து வரும்.

2023 ஜூன் 2-ந் தேதி தீர்ப்பு. யுவராஜ் உள்பட 8 பேரின் ஆயுள் தண்டனை உறுதி. 2 பேருக்கு மட்டும் ஆயுள் தண்டனை 5 ஆண்டு ஜெயிலாக குறைப்பு. 5 பேர் விடுதலையும் அப்படியே நின்றது.

விடுதலை ஆனவர்களையும் பாருங்கள்

இந்த வழக்கைப் பேசுகிறவர்கள் யுவராஜோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சாட்சியத்தை எடை போட்ட விதம் தெரிய வேண்டும் என்றால், விடுதலை ஆன 5 பேரையும், தண்டனை குறைந்த 2 பேரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே சம்பவம். ஒரே குற்றப்பத்திரிகை. ஒரே கோர்ட்டு. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி தராசு. கும்பலில் இருந்தார் என்பதாலேயே எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டவில்லை. யார் மீது எந்த வளையம் பொருந்துகிறது என்று ஆள் ஆளாகப் பார்த்தார்கள். அப்படி பார்த்ததால்தான் மீதிப் பேருக்கு கொடுத்த தண்டனைக்கு பலம் கிடைத்தது.

உடுமலை சங்கர் வழக்கை இதனோடு ஒப்பிடலாம். 2016 மார்ச் 13-ந் தேதி பட்டப்பகலில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே நடந்த கொலை. வெட்டியதே கேமராவில் பதிவானது. உயிர் தப்பிய மனைவி கவுசல்யா கடைசிவரை உறுதியாக சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12-ந் தேதி திருப்பூர் கோர்ட்டு 6 பேருக்கு தூக்கு தண்டனை விதித்தது.

2020 ஜூன் 22-ந் தேதி ஐகோர்ட்டு தீர்ப்பில் கவுசல்யாவின் தந்தை விடுதலை ஆனார். வெட்டிய 5 பேரின் தூக்கு ஆயுளாக மாறியது. ஊரே கொதித்தது. வெட்டியவர்களை கேமரா காட்டியது, நேரில் பார்த்தவர் சொன்னார். ஆனால் பின்னால் இருந்து சதி செய்தது யார் என்பதற்கான வளையங்கள் போதவில்லை என்று ஐகோர்ட்டு முடிவு செய்தது.

அங்கே சாட்சி நின்றார், கேமரா தெளிவு, ஆனாலும் சதி நிற்கவில்லை. இங்கே சாட்சி நிற்கவில்லை, கொலை நடந்த இடத்தில் கேமரா இல்லை, ஆனாலும் சங்கிலி நின்றது. எத்தனை பெரிய சாட்சி என்பது இல்லை கணக்கு. எந்த விஷயத்தை நிரூபிக்க எந்த சாட்சி என்பதுதான் கணக்கு.

டீக்கடை கோர்ட்டுக்கு சில கேள்விகள்

கொலை வழக்கு நடக்கும்போது நம் ஊரில் தினமும் இரண்டு கோர்ட்டு நடக்கிறது. ஒன்று நீதிபதி உட்காரும் கோர்ட்டு. இன்னொன்று பெஞ்சில் உட்காரும் கோர்ட்டு. இரண்டாவது கோர்ட்டில் சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும்.

அடுத்த முறை ஒரு வழக்கு செய்தியைப் படிக்கும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

"ஒப்புக்கொண்டார்" என்று செய்தி வந்தால், யாரிடம் ஒப்புக்கொண்டார்? போலீசிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. அதை வைத்து ஏதாவது பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும்.

"கத்தி பறிமுதல்" என்றால், யார் முன்னிலையில்? சாட்சி யார்? ரத்தம் பொருந்தியதா? புதிய சட்டப்படி சோதனை, பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும்.

"சாட்சி பல்டி" என்றால், அவர் எந்த விஷயத்துக்கு சாட்சி? அதே விஷயத்தை சொல்ல வேறு சாட்சியம் இருக்கிறதா?

"விடுதலை" என்றால், குற்றமே நடக்கவில்லை என்று கோர்ட்டு சொன்னதா, நிரூபிக்க ஆதாரம் போதவில்லை என்றதா? போதவில்லை என்றால், அதைச் சேகரிக்காமல் விட்டது யார்?

கடைசிக் கேள்வியைத்தான் நாம் கேட்பதே இல்லை. நீதிபதியைத் திட்டிவிட்டு டீ கிளாசை வைத்துவிடுகிறோம். முதல் 3 நாளில் ஹார்டு டிஸ்கை எடுக்காத, ரத்த மாதிரியை அனுப்பாத, டிரைவரை விசாரிக்காத குறை 5 வருஷம் கழித்து தீர்ப்பில் வந்து நிற்கும். அதற்குள் அந்த அதிகாரி மாறுதலாகி வேறு மாவட்டம் போயிருப்பார்.

பயத்துக்கு மருந்து எங்கே?

2018 டிசம்பர் 5-ந் தேதி மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சி பாதுகாப்பு திட்டத்தை சுப்ரீம் கோர்ட்டு ஏற்று, அதுவே சட்டம் என்று சொன்னது. கோகுல்ராஜ் வழக்கில் தோழி மாறி 3 மாதம் கழித்து! மிரட்டல் இருந்தால் சாட்சி மனு கொடுக்கலாம். பாதுகாப்பு, அடையாளம் மறைப்பு, வேறு இடத்தில் தங்க வைப்பது என்று பல வழிகள் அதில் உண்டு. புதிய குற்றவியல் நடைமுறை சட்டத்திலும் ஒவ்வொரு மாநில அரசும் இந்தத் திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்று 398-வது பிரிவு சொல்கிறது.

காகிதத்தில் இருக்கிறது. எத்தனை சாட்சிக்கு இது தெரியும்? சம்மன் கொண்டுவரும் போலீஸ்காரர் "உங்களுக்கு பயம் இருந்தா இப்படி ஒரு மனு கொடுக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்வதற்கு செலவு ஒன்றும் இல்லை.

தோழியை திட்டித் தீர்த்தவர்கள் உண்டு. கோர்ட்டில் பொய் சொல்வது தப்புதான், அதை ஐகோர்ட்டு பார்த்துக்கொண்டது. ஆனால் கண் முன்னால் நண்பனை இழுத்துக்கொண்டு போனவர்களுக்கு எதிராக, அதே சமூகத்தில், அதே ஊர்ப்பக்கம் வாழ வேண்டிய ஒரு இளம்பெண்ணை வைத்துத்தான் இத்தனை பெரிய வழக்கைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்த்தது யார் தப்பு? அவர் மேல் இருந்த பாரத்தை கேமராவும், மற்ற சாட்சியங்களும் பங்கு போட்டுக்கொண்டதால் வழக்கு தப்பியது. எல்லா வழக்கிலும் கோவில் கேமரா இருக்காது. காட்டுவழி, தோட்டத்துச் சாலை, ஆற்றங்கரையில் நடப்பதற்கு மனுஷன்தான் சாட்சி.

விருத்தாசலம் பக்கம் 2003-ல் நடந்த கண்ணகி-முருகேசன் கொலைக்கு கடலூர் கோர்ட்டு தீர்ப்பு 2021-ல்தான் வந்தது. 18 வருஷம்! சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை உறுதி செய்தபோது 2025 ஏப்ரல் ஆகிவிட்டது. அத்தனை வருஷம் ஒரு சாட்சி பயப்படாமல், மறக்காமல், சாகாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

அதோடு பார்த்தால் கோகுல்ராஜ் வழக்கு வேகம்தான். 2015-ல் கொலை, 2022-ல் தண்டனை, 2023-ல் ஐகோர்ட்டு உறுதி. இந்த 8 வருஷத்தில் வழக்கு இரண்டு இடத்தில் அறுந்து போகப் பார்த்தது. ஒன்று, முதல் நாளே தற்கொலை என்று மூடியிருக்கலாம். இன்னொன்று, முக்கிய சாட்சி மாறியபோது நாமக்கல்லிலேயே முடிந்திருக்கலாம். இரண்டு முறையும் அதை இழுத்துப் பிடித்தது அந்தக் குடும்பம்.

ஒரு கொலையில் நியாயம் கிடைக்க, செத்தவரின் தாய் ஒவ்வொரு முறையும் ஐகோர்ட்டு படி ஏற வேண்டும் என்ற நிலை இருக்கக்கூடாது. அந்த வேலையை முதல் நாள் சம்பவ இடத்துக்கு போகும் போலீசும், சாட்சிக்கு பாதுகாப்பு கொடுக்க வேண்டிய அரசும் செய்தாலே போதும். சேலம், நாமக்கல் மாவட்ட கோர்ட்டுகளில் இன்று வாய்தா எண்ணிக்கொண்டு நிற்கும் மற்ற குடும்பங்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.